மாறிக்குப் பெயர் வைப்பதற்கே பாதி நேரம் போகிறது, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

நிலா_நிரல்:

வணக்கம். பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொள்ளத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. ஒரு நூலகத்துக்காகச் சின்ன நிரல் ஒன்று எழுதியிருக்கிறேன். இரவல் போன நூல்களின் பட்டியலைக் கோப்பிலிருந்து படித்து, கெடு தாண்டியவற்றை மட்டும் பிரித்துத் தர வேண்டும். ஓடுகிறது. ஆனால் இரண்டு வாரம் கழித்து இன்று திறந்து பார்த்தால், நான் எழுதியது எனக்கே புரியவில்லை. எல்லோரும் படிக்க வசதியாகத் தமிழிலேயே போலி நிரலாகப் போடுகிறேன்:

டேட்டா = படி(கோப்பு)
டேட்டா2 = []
டேட்டாவில் உள்ள ஒவ்வொரு எக்ஸுக்கும்:
    எக்ஸ்[3] > 30 எனில்:
        டேட்டா2 உடன் எக்ஸைச் சேர்
டெம்ப் = வரிசைப்படுத்து(டேட்டா2)
அச்சிடு(டெம்ப்)

டேட்டா, எக்ஸ் போன்ற மாறிகளின், அதாவது நிரல் மதிப்புகளை வைத்துக்கொள்ளும் இடங்களின், பெயர்களை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனது. 'டேட்டா2' என்பதை 'ஃபில்டர்ட்_டேட்டா' ஆக்கினேன், அதிலும் திருப்தி இல்லை. பெயர் நீளமாக இருக்க வேண்டுமா, சுருக்கமாகவா? தமிழில் வைக்கலாமா? நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

அரைப்புள்ளி:

'ஃபில்டர்ட்_டேட்டா' ஏன் உறுத்துகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நிரலில் இருக்கும் எல்லாமே டேட்டாதான், அதனால் அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. 'ஃபில்டர்ட்' என்பது அது எப்படி வந்தது என்று சொல்கிறது, அது என்ன என்று சொல்லவில்லை. வடிகட்டிய விதத்தை நாளைக்கு மாற்றினாலும், கையில் இருப்பது அதே பட்டியல்தான்.

நான் செய்வது இது. நிரலை மூடிவிட்டு, அந்த நூலகரிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வேன். 'ஐயா, வடிகட்டிய தரவு வந்துவிட்டது' என்று சொல்வீர்களா? 'கெடு தாண்டியவை இவை' என்றுதான் சொல்வீர்கள். பெயர் அங்கேயே இருக்கிறது. கெடு_தாண்டியவை. அந்தத் துறையில் இருப்பவர்கள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

'டெம்ப்' எதற்கு? வரிசைப்படுத்திய பிறகும் அது கெடு தாண்டியவைதான். அந்த மாறியே வேண்டாம்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். எக்ஸ்[3] > 30. பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆகவே இது ஒவ்வொரு வரியிலும் நான்காவது புலம், அதாவது நான்காவது தகவல். அதில் என்ன இருக்கிறது? 'நாள்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதிலிருந்து எண்ணிய நாள்? அதைச் சொல்லுங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம்.

குறுங்கோடு:

ஒரு மாற்றுக் கருத்து. பெயர் நீண்டால் புரியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒரு வரியில் மூன்று நாற்பது எழுத்துப் பெயர்கள் நின்றால், நடுவில் இருக்கும் கழித்தல் குறி கண்ணில் படாது. மூன்று வரி லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு, ஆங்கில 'ஐ' போதும். ஆயப்புள்ளிகளுக்கு எக்ஸ், ஒய் போதும். இயற்பியல் சமன்பாட்டை நிரலாக்கும்போது நிறைக்கு 'எம்', திசைவேகத்துக்கு 'வி' என்று வைத்தால், சமன்பாட்டைத் தாளில் பார்த்தவருக்கு நிரலும் உடனே பிடிபடும். அங்கே முழுச்சொல் எழுதினால் சமன்பாட்டின் உருவமே போய்விடும்.

கோ என்ற நிரல்மொழிக்காரர்களின் வழிகாட்டுதல் எனக்குப் பிடித்தது. அறிவித்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் ஒரு பெயர் பயன்படுகிறதோ, அவ்வளவு விவரம் அதில் இருக்க வேண்டும். பிறந்த இடத்திலேயே மூன்று வரியில் முடிந்துபோகிற மாறிக்கு ஓரெழுத்து. கோப்பின் மறுகோடியில் பயன்படுவதற்கு முழுப்பெயர்.

அரைப்புள்ளி:

'ஐ' பற்றி நமக்குள் சண்டையே இல்லை. அது சுருக்கம் என்பதால் சரியாக இருக்கவில்லை, எல்லோருக்கும் பழகிய குறி என்பதால் சரியாக இருக்கிறது. ஆனால் அதைச் சாக்காக வைத்து 'யூசர் கவுன்ட்' என்பதை 'யூஎஸ்ஆர்சிஎன்டி' என்று உயிரெழுத்தைப் பிடுங்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. 2017இல் வந்த ஓர் ஆய்வில், தொழில்முறை நிரலாளர்கள் 72 பேருக்குப் பிழை உள்ள நிரல்துண்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முழுச்சொற்கள் இருந்தபோது, ஓரெழுத்தோ சுருக்கமோ இருந்தபோது ஆனதைவிடச் சராசரியாக 19 சதவீதம் வேகமாகப் புரிந்துகொண்டார்கள். ஓரெழுத்துக்கும் சுருக்கத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, பாதிச் சொல்லை வெட்டி மீதியை வைத்ததால் படிப்பவருக்குப் பயன் இல்லை.

பழைய_முனையம்:

சுருக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் அதற்குள் வளர்ந்தவன் நான்.

1964இல் வந்த முதல் பேசிக் மொழியில் மாறியின் பெயர் ஓர் எழுத்து, அல்லது ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. ஃபோர்ட்ரானில் ஆறு எழுத்து. அதிலும் ஆங்கில ஐ முதல் ஆங்கில என் வரையுள்ள ஆறு எழுத்துகளில் ஒன்றில் பெயர் தொடங்கினால், நீங்கள் வேறு சொல்லாதவரை அது முழு எண். லூப்புக்கு ஐ, ஜே, கே என்ற வழக்கத்துக்குக் கணிதப் புத்தகத்தோடு இதுவும் ஒரு காரணம். கொமடோர் 64 கணினியில் நீளமாக எழுதலாம், ஆனால் முதல் இரண்டு எழுத்தை மட்டுமே அது பார்க்கும். அத்தோடு, பெயருக்குள் கட்டளைச் சொல் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது. 'டோட்டல்' என்று வைத்தால் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலின் தொடக்கத்திலேயே டி, ஓ சேர்ந்த 'டூ' என்ற கட்டளை இருக்கிறது, பிழை என்று நின்றுவிடும். கூட்டுத்தொகைக்குக் கூட்டுத்தொகை என்று பெயர் வைக்க முடியாத காலம் அது.

சி மொழியின் 1989 தரத்தில்கூட, கோப்பு விட்டுக் கோப்பு போகும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். எழுத்துச்சரத்தின் நீளம் தரும் ஸ்டர்லென், சரங்களை ஒட்டும் ஸ்டர்கேட் எல்லாம் ஏன் அப்படிக் குறுகிக் கிடக்கின்றன என்று இப்போது புரியும். 1999 தரத்தில் அது 31 ஆனது.

அதே காலத்தில் கோபால் என்ற நிரல்மொழியில் 30 எழுத்து வரை, நடுவில் கோடு போட்டு வைக்கலாம். ஆக, எல்லோரும் கையைக் கட்டிப்போட்டிருக்கவில்லை. நம்மில் பலர் கட்டு அவிழ்ந்த பிறகும் கையைக் கட்டியே வைத்திருக்கிறோம். நானும் அதை விட்டு வெளியே வரப் பல வருடம் ஆனது.

மீன்கொத்தி:

30 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய வலி நினைவுக்கு வந்தது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் அமைப்புக் கோப்பில் 'காத்திருப்பு = 30' என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் நொடி என்று நினைத்து எழுதினார். பிறகு வேறொரு லைப்ரரிக்கு, அதாவது பிறர் எழுதித் தந்த ஆயத்த நிரல்தொகுப்புக்கு, மாறினோம், அது மில்லிநொடியில் வாங்கும். முப்பது மில்லிநொடிக்குள் எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். சோதனையில் இரண்டு நிரலும் ஒரே கணினியில் ஓடியதால் எல்லாம் சரியாகப் போனது. வெளியே விட்டதும் பாதி இணைப்புகள் அறுந்தன. இரண்டு நாள் வலையமைப்பைக் குறைசொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வரியை அந்த இரண்டு நாளில் குறைந்தது பத்துத் தடவையாவது நானே பார்த்திருப்பேன். முப்பது என்றால் முப்பதுதானே என்று கண் தாண்டிப் போய்விட்டது. 'காத்திருப்பு_நொடி' என்று இருந்திருந்தால், லைப்ரரியை மாற்றிய அன்றே கை நின்றிருக்கும்.

இது யாருக்கும் நடக்கும். பைத்தானின் 'ஸ்லீப்' நொடியில் வாங்குகிறது, ஜாவாஸ்கிரிப்டின் 'செட்டைம்அவுட்' மில்லிநொடியில். பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்தது. தரையில் இருந்த ஒரு நிரல் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு-விசை நொடியில் எழுதித் தந்தது, வாங்கிய நிரல் அதை நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. சுமார் 4.45 மடங்கு வித்தியாசம். அலகு நியூட்டனில் இருக்க வேண்டும் என்று ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது. எண்ணில் அது ஒட்டிக்கொண்டு போகவில்லை.

அதனால் நான் எண்ணைத் தாங்கும் எந்த மாறிக்கும் அலகை ஒட்டாமல் விடுவதில்லை. எடை_கிராம், தூரம்_மீட்டர், கெடு_நாள். அசிங்கமாக இருக்கிறது என்றால் இருக்கட்டும்.

நிலா_நிரல்:

அரைப்புள்ளி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. 'எதிலிருந்து எண்ணிய நாள்?' நான் 'இரவல் வாங்கி ஆன நாள்' என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியே பெயர் வைக்கலாம் என்று 'இரவல்_வாங்கி_ஆன_நாள்' என்று தட்டினேன். தட்டி முடித்ததும் ஒரு சந்தேகம். இரவலைப் புதுப்பித்தால்?

நூலகரிடம் கேட்டேன். கோப்பில் அந்தப் புலம் முதல்முறை வாங்கிய தேதியிலிருந்து எண்ணுகிறது. புதுப்பித்தாலும் திரும்பப் பூஜ்யத்துக்கு வராது. புதுப்பித்த தேதி வேறு புலத்தில் இருக்கிறது, நான் அதைத் தொடவே இல்லை. பழைய பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். கெடு தாண்டியதாக வந்த 41இல் 12 உண்மையில் ஒழுங்காகப் புதுப்பித்தவை. நல்லவேளை, அவர்களுக்கு இன்னும் நினைவூட்டல் போகவில்லை.

எக்ஸ்[3] என்று இருந்தவரை இது எனக்குத் தெரியவே வழியில்லை. 'நாள்' என்று மட்டும் வைத்திருந்தாலும் தெரிந்திருக்காது.

அரைப்புள்ளி:

இதுதான் நான் எதிர்பார்த்தது. ஆனால் 12 வரும் என்று நினைக்கவில்லை. பெயர் வரவில்லை என்று நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் வீணாகவில்லை. நல்ல பெயர் வராத இடத்தில் பெரும்பாலும் நமக்கு விஷயமே பிடிபட்டிருக்காது. அகராதியைப் புரட்டுவதைவிட, கோப்பைத் தந்தவரிடம் போய்க் கேட்பது அங்கே பலன் தரும்.

ஃபங்ஷனுக்கும், அதாவது பெயர் சொல்லி அழைக்கும் நிரல்பகுதிக்கும், இதே கதைதான். பெயரில் 'மற்றும்' போடாமல் முடியவில்லை என்றால், உள்ளே இரண்டு ஃபங்ஷன் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

தளிர்:

குறுக்கே ஒரு கேள்வி. டைப்பையும், அதாவது மதிப்பு முழு எண்ணா எழுத்துச்சரமா என்ற வகையையும், பெயரில் சேர்க்க வேண்டுமா? எங்கள் பழைய நிரல்களில் எல்லாப் பெயருக்கும் முன்னால் இரண்டு மூன்று எழுத்து ஒட்டியிருக்கிறது.

பழைய_முனையம்:

அது ஹங்கேரியன் குறியீட்டு முறை. சார்ல்ஸ் சிமோனி கொண்டுவந்தது, அவர் பிறந்த நாட்டை வைத்து வந்த பெயர். அவர் நினைத்தது நல்ல விஷயம். இரண்டுமே முழு எண்தான், ஆனால் ஒன்று கிடைவரிசை எண், ஒன்று நெடுவரிசை எண். அதை முன்னொட்டில் காட்டினால், இரண்டையும் கூட்டும் வரி கண்ணிலேயே உறுத்தும். பின்னால் வந்தவர்கள் அதை 'முழு எண் என்றால் இது, சரம் என்றால் அது' என்று, நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதும் சடங்காக்கிவிட்டார்கள்.

அதன் விளைவை இன்றும் விண்டோஸ் நிரல்களில் பார்க்கலாம். 'டபிள்யூபாரம்' என்று ஒரு பெயர். 'டபிள்யூ' என்றால் 'வேர்டு', 16 பிட். பதினாறு பிட் விண்டோஸில் அது உண்மை. பிறகு அது 32 பிட் ஆனது, அப்புறம் 64 பிட் ஆனது. பெயர் மட்டும் பதினாறிலேயே நிற்கிறது. உலகமே பயன்படுத்தும் பெயரை மாற்ற யாருக்கும் துணிவு வராது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்ல இணைய உலாவிகள் அனுப்பும் 'ரெஃபரர்' தலைப்பிலும் இப்படித்தான், ஓர் 'ஆர்' குறைந்து எழுத்துப்பிழையோடு இணைய நெறிமுறையின் 1996 ஆவணத்தில் ஏறிவிட்டது, இன்றும் அந்தப் பிழையோடுதான் எழுதியாக வேண்டும். ஆகவே ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் பெயரைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள், எடிட்டரில் ஒரே சொடுக்கில் மாற்றலாம். மற்றவர்கள் அழைக்கப்போகும் பெயருக்கு மட்டும் ஓர் இரவு பொறுத்திருந்து பாருங்கள்.

எழுத்தாணி:

தமிழில் வைக்கலாமா என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே.

முதலில், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. தயவுசெய்து வேண்டாம். வலி, வழி, வளி மூன்றையும் பலர் வி, ஏ, எல், ஐ என்ற ஒரே நான்கு எழுத்தில்தான் எழுதுகிறார்கள். இன்னொருவர் ழகரத்துக்கு இசட், ஹெச் சேர்ப்பார். ஒரே சொல்லுக்கு ஒரே நிரலில் இரண்டு எழுத்துக்கூட்டல் வந்து நிற்கும், தேடினால் ஒன்றுதான் அகப்படும்.

தமிழ் எழுத்திலேயே எழுதலாம் என்றால், பைத்தான் 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அனுமதிக்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அனுமதிக்கின்றன. எழில் நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ்தான். சொந்தப் பயிற்சிக்கும் கற்பிப்பதற்கும் நான் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழ் இதற்கு எவ்வளவு தோதாக இருக்கிறது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஓர் 'எஸ்' தான் வித்தியாசம், அவசரத்தில் தவறவிடுவோம். 'இரவல்', 'இரவல்கள்' என்பதைத் தவறவிட முடியாது. ஆம்-இல்லை மாறிக்கு அவர்கள் 'இஸ்', 'ஹேஸ்' என்று முன்னால் ஒட்டவேண்டும். நமக்கு 'ஆ' என்ற ஒரே விகுதி போதும். முடிந்ததா, திரும்பியதா, காலியா. பெயரே கேள்வியாக நிற்கும், மதிப்பு பதிலாக இருக்கும்.

ஆனால் கண்ணிகள் உண்டு, பட்டுத் தெரிந்துகொண்டவை. 'கொ' என்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒரே துணைக்குறியாகவும், சில கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அவை இரண்டு வேறு மாறிகள். அடுத்தது ஔகாரம். 'பௌதிகம்' என்று எழுதுவதும், கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகர எழுத்தை வைத்து 'பெளதிகம்' என்று எழுதுவதும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இதை எந்த மொழியும் ஒன்றாக்காது, ஏனென்றால் இரண்டாவது உண்மையிலேயே வேறு எழுத்து. பௌதிக மதிப்பெண் ஏன் ஏறவில்லை என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

கோ மொழியைப் பற்றி மேலே பேச்சு வந்தது. அங்கே நமக்கு வழியே இல்லை. பெயரில் துணைக்குறிகளை அது ஏற்காது. 'பல' என்று வைக்கலாம், 'சில' என்று வைக்க முடியாது, இகரக் குறி இருக்கிறதே. புள்ளி வைத்த எந்த எழுத்தும் கூடாது. போதாக்குறைக்கு, வெளியே தெரிய வேண்டிய பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது அங்கே விதி. தமிழில் ஏது பெரிய எழுத்து?

குறுங்கோடு:

அருமையான பதிவு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வேறு மொழி பேசுபவர்களோடு சேர்ந்து எழுதும் நிரலில் எல்லோருக்கும் பொதுவான மொழியில்தான் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கு அது பூட்டிய கதவு.

அதைவிட முக்கியம், குழுவில் ஒரு பொருளுக்கு ஒரே சொல். 334 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒரே சூழலைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார்கள். இருவர் ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இடைநிலை அளவில் 6.9 சதவீதம்தான். ஆனால் ஒருவர் வைத்துவிட்ட பெயரை மற்றவர்களில் பெரும்பாலோர் புரிந்துகொண்டார்கள். அதனால் 'மிகச் சரியான பெயர்' என்று தேடி அலைய வேண்டாம். ஒன்றை வைத்து, அதிலேயே நில்லுங்கள். ஒரு கோப்பில் 'உறுப்பினர்', இன்னொன்றில் 'வாசகர்', மூன்றாவதில் 'பயனர்' என்று போனால், மூன்றும் ஒரே ஆளா என்று படிப்பவர் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டிவரும்.

தளிர்:

பைத்தானில் புதிதாக எழுதுபவர்களுக்கு இன்னொன்று: 'லிஸ்ட்', 'சம்', 'ஐடி' என்று மாறிக்கு வைக்காதீர்கள். மொழியோடு வரும் பெயர்கள் அவை. மேலே லிஸ்ட் என்று ஒரு மாறியை வைத்துவிட்டு ஐம்பது வரி தள்ளி லிஸ்ட்டை ஃபங்ஷனாக அழைத்தால், அழைக்க முடியாது என்ற பிழை வரும். காரணம் ஐம்பது வரி மேலே இருக்கும். அதேபோல் தனியாகச் சின்ன 'எல்', பெரிய 'ஓ', பெரிய 'ஐ' வேண்டாம் என்று பைத்தானின் நடைக்கையேடே சொல்கிறது. பல எழுத்துருக்களில் அவை 1, 0 என்ற இலக்கங்களோடு குழம்பும்.

நிலா_நிரல்:

எல்லோருக்கும் நன்றி. முழுக்கத் திரும்ப எழுதினேன்:

கெடு_நாள் = 30
நூல்கள் = படி(கோப்பு)
கெடு_தாண்டியவை = []
நூல்களில் உள்ள ஒவ்வொரு நூலுக்கும்:
    நூல்.புதுப்பிக்கவில்லையா எனில்:
        தொடக்கத்_தேதி = நூல்.வாங்கிய_தேதி
    இல்லையேல்:
        தொடக்கத்_தேதி = நூல்.புதுப்பித்த_தேதி
    கையில்_இருக்கும்_நாள் = இன்று - தொடக்கத்_தேதி
    கையில்_இருக்கும்_நாள் > கெடு_நாள் எனில்:
        கெடு_தாண்டியவை உடன் நூலைச் சேர்

எழுத்தாணி:

'புதுப்பிக்கவில்லையா' என்பதை 'புதுப்பித்ததா' ஆக்கிவிட்டு, இரண்டு கிளைகளையும் இடம் மாற்றுங்கள். எதிர்மறைப் பெயருக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் புதுப்பித்ததா, புதுப்பிக்கவில்லையா என்று ஒரு நொடி நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அரைப்புள்ளி:

இன்னொன்று. கோப்பின் ஒவ்வொரு வரியும் ஒரு நூலா, ஓர் இரவலா? ஒரே நூலுக்கு இரண்டு வரி வந்திருக்கிறதா பாருங்கள்.

நிலா_நிரல்:

பார்த்தேன், வந்திருக்கிறது. ஒருவர் திருப்பித் தந்து இன்னொருவர் எடுத்துப்போன நூல்கள் இரண்டு முறை இருக்கின்றன. ஒவ்வொரு வரியும் இரவல்தான். 'நூல்கள்' என்பதை 'இரவல்கள்' என்று மாற்றிவிட்டேன். திரும்பியவற்றையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போது 'திரும்பியதா' என்ற புலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.